புக்கொளியூரில் நம்பியாரூரர்

திருநாவலூரிலே சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் திருமகனாராய்த் தோன்றிய சுந்தரமூர்த்தி நாயனார், கொங்குநாட்டைத் தம் திருவடிகளால் புனிதமாக்கியவர். சேரமான் பெருமாள் அளித்த பொருளோடு திரும்புகையில், திருமுருகன்பூண்டி வழியில் பூதகணங்கள் வேடராய் வந்து பறித்தன. பூண்டிப் பெருமானைப் பாட, யாவும் மீண்டன.

பின்னொரு முறை சேரநாடு செல்லும் வழியில், திருப்புக்கொளியூராகிய அவிநாசியை அடைந்தார். அங்கே ஒரு மனையில் மங்கல ஒலி, எதிர்மனையில் அழுகுரல். காரணம் வினவினார். ஐந்து வயதுப் பாலகர் இருவர் மடுவிலே நீராடச் சென்றதும், ஒருவனை முதலை விழுங்கியதும், பிழைத்தவனுக்கு அன்று உபநயனம் நிகழ்வதும் அறிந்தார். மகனை இழந்த பெற்றோர், நாயனார் எழுந்தருளினார் என்றதும் துயரை மறைத்து, முகமலர்ச்சியோடு வந்து அடிபணிந்தனர். புத்திரசோகத்திலும் குன்றாத அவ்வன்பு அவர் திருவுள்ளத்தை உருக்கிற்று. மைந்தனை மீட்டளித்த பின்னரே அவிநாசியப்பரை வணங்குவதெனத் துணிந்து, மடுக்கரையில் நின்று பதிகம் பாடினார். முதலை, கடந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு பாலகனைக் கரைசேர்த்தது.

அம்மைந்தனுக்கும் உபநயனம் செய்வித்தே நாயனார் சேரநாடு சென்றார். அழுத மனையிலும் மங்கலம் முழங்கிற்று. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இவ்வரலாற்றை விரித்தருளினார். தன் துயரினும் அடியார் வணக்கத்தைப் பெரிதெனக் கொண்ட உள்ளமே இறைவன் உவந்துறையும் திருக்கோயில்.