தவளை கலைத்த கணக்கு

நியூரல் நெட்வொர்க் எலக்டிவ் எடுத்தவங்களுக்கு மெக்கல்லக்-பிட்ஸ் நியூரான் தெரிஞ்சிருக்கும். முதல் யூனிட்லயே வரும். ரெண்டு மார்க்குக்குப் படிச்சிட்டு மறந்துடுவோம். அந்தப் பேரின் பின்பாதி, வால்டர் பிட்ஸ், இளங்கலைப் பட்டம்கூட வாங்காதவர்.

1923-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். 12 வயசில் தெருப்பையன்கள் துரத்த, ஒரு நூலகத்துக்குள் ஓடி ஒளிந்தாராம். கையில் சிக்கியது ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய பிரின்ஸிபியா மேத்தமேட்டிகா. மூன்று நாள் அதையே படித்து, தப்பு என்று பட்டதை ரஸ்ஸலுக்கே கடிதமாக எழுதினார் என்பது நண்பர்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை. கொஞ்சம் மசாலா இருக்கட்டும், ஆள் அப்படிப்பட்டவர்தான்.

15 வயசில் வீட்டை விட்டு சிகாகோவுக்கு ஓடினார். பல்கலைக்கழகத்தில் சேராமலே வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். தங்க இடம் கிடையாது. டாக்டருக்குப் படிக்க வந்த ஜெரோம் லெட்வின் நண்பரானார். மூளையை ஆராய்ந்துகொண்டிருந்த வாரன் மெக்கல்லக், இருபத்தைந்து வயசு மூத்தவர், இருவரையும் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். பிட்ஸுக்குக் கிடைத்த ஒரே நல்ல வீடு அதுதான்னு தோணுது.

அந்த வீட்டில் உருவான கட்டுரை 1943-ல் வந்தது. பிட்ஸுக்கு வயது 20. விஷயம் இதுதான்: ஒரு நரம்பணு சிக்னல் அனுப்பும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். நடுவில் பாதி கிடையாது. அப்படியானால் அது 1, 0 தானே? இரண்டு இன்புட் வருகிற நியூரானுக்கு த்ரெஷோல்டு 2 என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது கிளம்பும். அதுதான் ஆண்ட் கேட். த்ரெஷோல்டை 1 ஆக்கினால் ஆர் கேட். தடுக்கிற இன்புட் ஒன்றைச் சேர்த்தால் நாட். நியூரான்களை வளையமாகக் கோத்தால் சிக்னல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அது நினைவு! ஆக, மூளை செய்வது தர்க்கம் என்றார்கள்.

1945-ல் எட்வாக் கம்ப்யூட்டருக்கான அறிக்கையில் வான் நாய்மன் இந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டு, அதே வகை நியூரான்களை வைத்தே சர்க்யூட்டை விளக்கினார். எம்.ஐ.டி.யில் நார்பர்ட் வீனர் பிட்ஸை மகன்போல நடத்தினார். ஆனால் 1952-ல் காரணமே சொல்லாமல் உறவை முறித்துக்கொண்டார். பிட்ஸ் அதிலேயே பாதி உடைந்துவிட்டார்.

மீதியை உடைத்தது தவளை. லெட்வினும் மற்றவர்களும் தவளையின் கண் நரம்பில் மின்முனை வைத்துப் பார்த்தார்கள். கேமரா மாதிரி கண் புள்ளி புள்ளியாக ஒளியை அனுப்பும், தர்க்கமெல்லாம் மூளைக்குள் நடக்கும் என்றுதான் எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. சில நரம்பிழைகள் சின்னதாய் ஏதாவது கருப்பாக நகர்ந்தால் மட்டுமே துடித்தன. பூச்சி! அதைப் பிரித்தெடுக்கும் வேலையில் பெரும்பகுதியைக் கண்ணே முடித்துவிடுகிறது. அதுவும் சுத்தமான 1, 0 கணக்காக இல்லை. 1959-ல் வந்த அந்தக் கட்டுரையில் பிட்ஸின் பெயரும் உண்டு. தன் கணக்கை உயிர் அப்படியே போடவில்லை என்பதற்குத் தானே கையெழுத்துப் போட்ட மாதிரி.

ஒரு மாடல் பொய்த்தால் அடுத்ததைப் போடலாம், நாம லேப்ல தினமும் செய்யறதுதானே. அவருக்கு அது மாடல் இல்லை, பிடித்துக்கொண்டிருந்த ஒரே தூண். முப்பரிமாண நரம்பு வலைகளைப் பற்றி எழுதிவைத்திருந்த தாள்களைக் கொளுத்தினார். குடி முற்றியது. 1969 மே மாதம் பாஸ்டனுக்குப் பக்கத்துக் கேம்பிரிட்ஜில், ஒரு வாடகை அறையில் தனியாக இறந்தார். வயது 46. நான்கு மாதத்தில் மெக்கல்லக்கும் போய்விட்டார்.