தீப்பெட்டிக் கட்டும் டாக்டர் ஷூஹார்ட்டும்

மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரோடு மல்லுக்கட்டிய நம் செட் ஆட்களுக்கு வால்டர் ஷூஹார்ட் என்றால் எக்ஸ் பார் சார்ட், அதோடு சரி. பரீட்சைக்குப் படித்தோம், மறந்தோம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம்தான் அந்த மனிதர் எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டார். டிராயிங்படி நாலு பார்ட்டும் தனித்தனியே ஓகே. அடுக்கிப் பூட்டினால் மூடி உட்காரவே மாட்டேன் என்றது.

ஷூஹார்ட் 1891 மார்ச் 18ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நியூ கேன்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். படித்தது இயற்பியல், 1917ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். மறுவருஷமே சிகாகோ பக்கத்தில் டெலிபோன் சாமான்கள் செய்யும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலைக்கு வந்துவிட்டார். ஒரு பீஸ் அளவு தப்பினால் உடனே மெஷினைத் திருகுவது அங்கேயும் வழக்கம்தான். அப்படித் திருகத் திருக ஏற்ற இறக்கம் கூடத்தான் செய்யும் என்று கண்டுகொண்டவர் இவர். 1924 மே 16ல் மேலதிகாரிக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு கொடுத்தார். இன்று உலகமெல்லாம் ஷாப் ஃப்ளோரில் தொங்கும் கன்ட்ரோல் சார்ட் அதில் பிறந்ததுதான்.

1931ல் வந்த அவருடைய பெரிய புத்தகம் டாலரன்ஸ் வைப்பதைப் பற்றியும் பேசுகிறது. நாலு பார்ட், ஒவ்வொன்றும் கூடக்குறைய 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நேராகக் கூட்டினால் 0.4. ஆனால் நாலும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் கடைசி எல்லைக்குப் போவது அபூர்வம் இல்லையா? அதனால் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கிறோம்: 0.2தான் வருகிறது. அப்படியானால் மொத்தத்தில் 0.4 போதும் என்றால் ஒவ்வொரு பார்ட்டுக்கும் 0.2 தாராளமாகக் கொடுக்கலாம். எவ்வளவு காசு மிச்சம்!

நம்மூரில் தீப்பெட்டி கட்டுப் போடுகிறவர்களுக்கு இது புதுசில்லை. ஒரு பெட்டி மயிரிழை தடித்தால் இன்னொன்று மெலிந்திருக்கும், கட்டு சரியாக வந்துவிடும். ஆனால் ஐப்பசி மழையில் அட்டை ஈரம் இழுத்தால் எல்லாப் பெட்டியும் சேர்ந்தே உப்பும். அங்கே வர்க்கமூலக் கணக்கு செல்லாது. சார்ட் முதலில், கணக்கு பிறகு என்று இருப்பது அதனால்தான். ஒவ்வொரு அளவும் நடுவில் நின்று, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஆடினால்தான் அந்த 0.2.

எங்கள் மூடிக் கதையும் அதுவே. நாலு பார்ட்டும் ஒரே தேய்ந்த டையிலிருந்து வந்தவை; எல்லாமே பிளஸ் பக்கம். இன்ஸ்பெக்ஷனில் அத்தனையும் பாஸ்! அந்த வாரம் ராத்திரி ஷிஃப்ட் முழுக்க ஃபைல் போட்டுத் தேய்த்தோம், வேறென்ன செய்ய?

1925 முதல் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர், 1956ல் ஓய்வு பெற்றார். ஜப்பானுக்கு 1950ல் இந்த வித்தையைக் கொண்டுபோன டெமிங் இவரிடம் கற்றவர்தான். ஷூஹார்ட்டின் 1939 புத்தகத்தைப் பதிப்பித்தவரும் அவரே. ஜப்பான் கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, நாம் சுதந்திரம் அடைந்த பிறகு வந்த 1947-48 குளிர்காலத்தில், பேராசிரியர் மகலநோபிஸ் அழைத்து ஷூஹார்ட் நம் நாட்டுக்கே வந்து போனார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தரக்கட்டுப்பாட்டு இயக்கம் இங்கே சூடு பிடித்தது அதன் பிறகுதான். இந்தியப் புள்ளியியல் கழகம் ஐம்பதுகளில் பம்பாயிலும் பெங்களூரிலும் தனிப் பிரிவுகள் தொடங்கி ஆலைகளுக்கு ஆள் அனுப்பியது.

1967 மார்ச் 11ல், 76 நிறைய ஒரு வாரம் இருக்கையில், நியூஜெர்சியில் ஷூஹார்ட் காலமானார்.