பத்துப் பக்கத்தில் ஒரு புதையல்!

பந்தல்குடியில் இருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில் சிலர் பெரிய பழுப்பு நிற உறை ஒன்றை மடங்காமல் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே என்ன தெரியுமா? எக்ஸ்ரே படம்! இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால், சளியைச் சோதிப்பதோடு நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்வார் டாக்டர். கத்தி படாமல், வலி இல்லாமல், நெஞ்சுக்குள் இருப்பதைப் பார்க்க வழி காட்டியவரின் கதைதான் இது.

அவர் பெயர் வில்ஹெம் கான்ராட் ராண்ட்ஜன். 1845-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் ஜெர்மனியில் லென்னெப் என்ற ஊரில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. அம்மா ஹாலந்து நாட்டுக்காரர். பையனுக்கு மூன்று வயதானபோது குடும்பம் ஹாலந்துக்குக் குடியேறியது.

பள்ளியில் படிக்கும்போது ஒரு வம்பு வந்தது. ஆசிரியரைக் கேலியாக ஒரு மாணவன் படம் வரைந்துவிட்டான். வரைந்தது யார் என்று ராண்ட்ஜனைத் துருவித் துருவிக் கேட்டார்கள். அவர் நண்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள்! நானும் ஆசிரியராக இருந்தவன்தான். அந்தத் தண்டனை ரொம்பவே அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாததால் பல கதவுகள் மூடிக்கொண்டன. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரி மட்டும் அவரைச் சேர்த்துக்கொண்டது. பொறியியல் படித்தார், 1869-இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். அப்புறமும் விடவில்லை அந்தப் பழைய கதை! ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம், பள்ளிச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி அவருக்கு ஆசிரியர் தகுதி தர மறுத்தது. அதே பல்கலைக்கழகம் 1888-இல் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1894-இல் அங்கே தலைமைப் பொறுப்பும் அவருக்கே வந்தது.

1895 நவம்பர் 8. மாலை நேரம். காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்திச் சோதனை செய்துகொண்டிருந்தார் ராண்ட்ஜன். குழாயைச் சுற்றிக் கறுப்பு அட்டை. அறையோ கும்மிருட்டு. துளி வெளிச்சம் கூட வெளியே வர வழியில்லை. ஆனால், சற்றுத் தள்ளி இருந்த ரசாயனம் பூசிய திரை ஒன்று பளபளவென்று மின்னியது! மின்சாரத்தை நிறுத்தினால் திரை அணைந்தது. செலுத்தினால் மறுபடி மின்னியது. ஆக, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அட்டையைத் துளைத்துக்கொண்டு போகிறது! இன்னது என்று தெரியாததால் அதற்கு எக்ஸ் என்று பெயர் வைத்தார். கணக்கில் விடை தெரியாத எண்ணுக்கு நாம் எக்ஸ் போடுவோமே, அதைப் போல.

வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏழு வாரம் சோதனைக்கூடமே கதி! மரம், புத்தகம், உலோகம் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வைத்துப் பார்த்தார். டிசம்பர் 22 அன்று மனைவி பெர்த்தாவை அழைத்தார். ஒளிப்படத் தட்டின் மேல் கையை வைத்து, 15 நிமிடம் அசையாமல் இருக்கச் சொன்னார். தட்டில் பதிந்தவை விரல் எலும்புகளும் மோதிரமும்! பெர்த்தா மகிழ்ந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. தன் மரணத்தையே நேரில் கண்டதுபோல் நடுங்கிப்போனாராம்.

அப்புறம் ராண்ட்ஜன் செய்ததுதான் முக்கியம். டிசம்பர் 28 அன்று தன் கண்டுபிடிப்பை எழுதி, உள்ளூர் அறிவியல் சங்கத்தின் இதழுக்குக் கொடுத்தார். மொத்தமே பத்துப் பக்கம். சில நாட்களிலேயே அச்சாகிவிட்டது. 1896 ஜனவரி 1 அன்று அச்சுப் பிரதிகளைப் பல நாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். சில படங்களும் கூடவே போயின. ஜனவரி 5-ஆம் தேதி வியன்னா நாளிதழ் ஒன்றில் செய்தி வந்தது. அவ்வளவுதான், உலகமே பற்றிக்கொண்டது!

இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் அவர் கோடீஸ்வரர் ஆகியிருப்பார். வாங்கவே இல்லை. படித்தவர் எவரும் கருவியைச் செய்து பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தையும் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

கை எலும்பைப் படம் பிடித்தாயிற்று. நெஞ்சை? அங்கேதான் சிக்கல்! நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. 15 நிமிடம் என்றால் ஆயிரம் துடிப்புக்கு மேல். மூச்சு விடும்போது நுரையீரலும் விரிந்து சுருங்கும். ஓடுகிற ஆட்டை நிதானமாகப் படம் பிடித்தால் எப்படி இருக்கும்? எல்லாம் மங்கல்தான்! அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிரான்சிஸ் வில்லியம்ஸ் என்ற டாக்டர், தட்டுக்குப் பதிலாக மின்னும் திரையைப் பயன்படுத்தினார். துடிக்கிற இதயமே திரையில் தெரிந்தது. காற்று நிறைந்த நுரையீரல் வழியே கதிர் எளிதாகப் போய்விடும். காசநோய் பிடித்த இடம் தடுக்கும். அதனால் நோயின் நிழல் தனியே தெரியும்.

ஆனால் எந்த நிழல் நோய், எந்த நிழல் இயல்பானது? ஒரு டாக்டர் பார்ப்பது பத்து நோயாளியைத்தான். பத்து ஊர் டாக்டர்களும் தாங்கள் எடுத்த படங்களை ஒரே இடத்தில் அச்சிட்டால்? அதற்காகவே தனி இதழ்கள் பிறந்தன. 1896-இலேயே லண்டனில் சிட்னி ரோலண்ட் என்ற மருத்துவ மாணவர் எக்ஸ்ரே படங்களுக்கென்று ஓர் இதழைத் தொடங்கினார். எண்ணிப் பாருங்கள், மாணவர்! அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இன்னொன்று வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆல்பர்ஸ் ஷோன்பர்க். கதிரின் ஆபத்து முதலில் யாருக்கும் தெரியவில்லை. அவர் கையில் புற்றுநோய் வந்தது, ஒரு கையையே வெட்டி எடுத்தார்கள். 1921-இல் இறந்தார். இப்படிக் கதிரால் உயிர்விட்டவர்களுக்கு 1936-இல் ஹாம்பர்க்கில் நினைவுத்தூண் எழுப்பியபோது, அதில் 169 பெயர்கள் இருந்தன. இன்று எக்ஸ்ரே அறையில் படம் எடுப்பவர் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வதற்குக் காரணம் இவர்கள் பட்ட பாடுதான்.

நம் நாட்டிலும் 1947-இல் எக்ஸ்ரே டாக்டர்களுக்கென்று ஓர் இதழ் தொடங்கியது. 1956-இல் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பமானது. காசநோயாளிகளில் ஒரு பகுதியினர் மருத்துவமனையில் தங்கினார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். சளிச் சோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் மாறி மாறி எடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள்! 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அந்த முடிவு வெளியானது. படுக்கை கிடைக்காமல் தவித்த ஏழை நாடுகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

2019-இல் அமெரிக்காவில் இதயம், நுரையீரல் படங்களுக்கென்றே ஒரு புதிய இதழ் வந்தது. அடுத்த ஆண்டே கொரோனா! பிள்ளைகளே, நீங்கள் வீட்டில் அடைந்து கிடந்த அந்த நாட்களில், கொரோனா தாக்கிய நுரையீரலின் படங்கள் அந்த இதழில் வெளியாகின. நோயை நேரில் பார்க்காத டாக்டர்களும் அதன் நிழல் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டார்கள்.

இதையெல்லாம் பார்க்க ராண்ட்ஜன் இல்லை. 1919-இல் பெர்த்தா இறந்துவிட்டார். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு சரிந்ததில், சேர்த்து வைத்திருந்ததும் கரைந்துபோனது. 1923 பிப்ரவரி 10 அன்று மியூனிக் நகரில் காலமானார். தன் கடிதங்களை எரித்துவிடச் சொல்லியிருந்தார். ஒரு சில தவிர எல்லாவற்றையும் அப்படியே எரித்துவிட்டார்கள். அதனால் அந்த நவம்பர் மாலையில் சரியாக என்ன நடந்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் ஊகித்துத்தான் சொல்கிறார்கள். எக்ஸ் கதிர் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரைகள் மூன்றே மூன்று. முதலாவது, அந்தப் பத்துப் பக்கம்.