ஒரே இரவில் ஓர் ஊரை மீட்டவர்

நவம்பர் 11 அன்று சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூ குத்திக்கொள்கிறோம், இல்லையா? போருக்குப் போன வீரர்களை நினைக்கும் நாள் அது. அப்படிப்பட்ட ஒரு வீரர் நம்ம கர்க்லாண்டுக்குப் பக்கத்து ஊரான புவாண்ட் கிளேரில், வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

அவர் பெயர் லெயோ மேஜர். மேஜர் என்றால் ராணுவப் பதவி என்று நினைப்பீங்க. இல்லை, அது அவருடைய குடும்பப் பெயர்! அவர் சாதாரணச் சிப்பாய்தான்.

லெயோ 1921-இல் பிறந்தார். மாண்ட்ரியலில் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது கனடா ராணுவத்தில் சேர்ந்தார். 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸ் கடற்கரையில் இறங்கினார். கொஞ்ச நாளில் ஒரு குண்டு வெடித்து, இடது கண் பார்வை போய்விட்டது. வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். குறி பார்க்க ஒரு கண் போதும் என்று சொல்லி, அங்கேயே இருந்துவிட்டார்.

1945 ஏப்ரல் 13. நெதர்லாந்தில் ஸ்வோல்லே என்ற ஊர் ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்தது. அங்கே சுமார் 50,000 மக்கள் இருந்தார்கள். விடிந்ததும் அந்த ஊரைப் பீரங்கியால் தாக்கத் திட்டம். அப்படித் தாக்கினால் வீடுகளும் இடியும், மக்களும் சாவார்கள். அதற்கு முன்னால் எதிரிகள் எத்தனை பேர் என்று பார்த்துவர இரண்டு பேர் வேண்டும். லெயோவும் அவர் நண்பர் வில்லியும் போனார்கள்.

நள்ளிரவு நேரத்தில் வில்லி சுடப்பட்டு இறந்தார்.

இப்போ லெயோ தனி ஆள். திரும்பிப் போயிருக்கலாம். அவர் ஊருக்குள் போனார். தெருத்தெருவாக ஓடினார். துப்பாக்கியால் சுட்டார், கையெறி குண்டு வீசினார். சத்தம் கேட்டவர்கள் பெரிய படையே வந்துவிட்டது என்று நம்பினார்கள். சிலர் பிடிபட்டார்கள். மற்றவர்கள் ஊரை விட்டே போயிட்டாங்க!

விடிந்தது. பீரங்கி முழங்கவில்லை. ஊர் தப்பியது. ஆனால் வில்லி இல்லை. லெயோ நண்பனின் உடலை எடுத்துவரப் போனார்.

இதற்காக அவருக்கு டி.சி.எம். என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. 1951-இல் கொரியப் போரில் ஒரு மலையைக் காத்ததற்காக மறுபடியும் அதே பதக்கம்! இரண்டு போர்களில் இப்படி வாங்கிய கனடியர் இவர் ஒருவரே.

2005-இல் ஸ்வோல்லே அவரைத் தன் கௌரவக் குடிமகன் ஆக்கியது. அங்கே ஒரு தெருவுக்கும் அவர் பெயர். 2008-இல், 87 வயதில், அவர் காலமானார்.

டி.சி.எம். பதக்கம் ஒரு ஆளுக்குத்தான். ஆனால் அந்த இரவில் இரண்டு பேர் போனார்கள். அடுத்த முறை பாப்பிப் பூ குத்தும்போது வில்லியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சொற்பொருள்
பிடி – கட்டுப்பாடு
நள்ளிரவு – நடு இரவு
காலமானார் – இறந்தார்

பேசுவோம்
1. லெயோ ஏன் திரும்பிப் போகவில்லை? நீங்க என்ன நினைக்கிறீங்க?
2. உங்கள் தாத்தா பாட்டிக்குப் போர்க்காலம் பற்றித் தெரியுமா? கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.