வில்லியம் கேமரன்: தான் கண்ட இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்காத நில அளவையாளரின் கதை

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலைக்குப் போய் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்காமல் திரும்புபவர்கள் குறைவு. ஆனா, யார் இந்த கேமரன்னு கேட்டா பலருக்கும் பதில் தெரியாது. தோட்ட முதலாளியா இருப்பார் என்று நினைப்பவர்களும் உண்டு.

உண்மையில், வில்லியம் கேமரன் ஒரு நில அளவையாளர். அவர் இறந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகுதான் இங்கே தேயிலைத் தோட்டங்கள் வந்தன.

ஆறுதான் வழிகாட்டி

பேராக்-பகாங் எல்லைப் பகுதியை வரைபடமாக்கும் பொறுப்பு 1885இல் அவருக்குக் கொடுக்கப்பட்டது. பேராக் அப்போது பிரிட்டிஷ் ஆலோசகரின் பிடியில் இருந்தது. பகாங் இன்னும் அதற்குள் வரவில்லை.

அடர்ந்த காட்டுக்குள் நின்றால் பக்கத்து மலைமுகடுகூட தெரியாது. அதனால் ஓடைகளைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். தண்ணீர் மேற்கே போனால் பேராக், கிழக்கே போனால் பகாங். கிட்டத்தட்ட அவ்வளவுதான் எல்லை.

அந்தப் பயணத்தில்தான், மலைகளுக்கு நடுவே மெதுவாகச் சரியும் பரந்த மேட்டு நிலம் ஒன்றைப் பார்த்ததாக அவர் அறிக்கை எழுதினார். பேராக் ஆலோசகர் ஹியூ லோ அங்கே ஓர் ஓய்வில்லம் அமைக்க விரும்பினார். ஆனால், அது எங்கே இருக்கிறது என்பதை கேமரன் துல்லியமாகக் குறித்து வைக்கவில்லை. மறு ஆண்டே, 1886இல், அவர் இறந்துவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.

1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பிறகே வேலை தொடங்கியது. 1929இல் ஜே.ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்த் தொழிலாளர்கள் காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்டார்கள். அந்த மலைக்கு கேமரனின் பெயர் உண்டு. இவர்களில் ஒருவர் பெயரும் வரைபடத்தில் இல்லை.

அவர் பார்த்த ஆறுகள் இப்போது?

அந்த ஆறுகளின் போக்கையே மாத்திட்டாங்க. தெலோம், பெர்தாம் ஆறுகள் இயற்கையாகத் தென்சீனக் கடல் பக்கம் போக வேண்டியவை. 1960களின் நீர்மின் திட்டம், அவற்றின் தண்ணீரைச் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து பேராக் பக்கம் கொண்டுபோகிறது. கேமரன் எல்லையைக் கண்டுபிடிக்க நம்பிய அடையாளம் இன்று அங்கே செல்லாது.

சரிவுகளில் காய்கறித் தோட்டங்கள் பெருகியதால் மண் கரைந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிகிறது. அணைக்குக் கீழே ஆறு ஒடுங்கி, கரையை ஒட்டி வீடுகள் முளைத்தன. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் குறைந்தது மூன்று பேர் இறந்தனர்.

இப்படிப்பட்ட ஆற்றைச் சீரமைக்கும் முன் அதன் வடிவத்தை அளக்க வேண்டும். கரையில் அசையாத குறிக்கல் நட்டு, அங்கிருந்து எதிர்க்கரை வரை கயிறு கட்டி, சில அடிக்கு ஒருமுறை அளவுகோலால் ஆழம் பார்ப்பார்கள். கரை நிரம்பினால் அகலம் எவ்வளவு, ஆற்றுப்படுகை எவ்வளவு சரிகிறது, அடியில் இருப்பது கல்லா, மணலா, சேறா என்பதையும் குறிப்பார்கள். பெரிய மழைக்குப் பிறகு அதே குறிக்கல்லில் இருந்து திரும்ப அளந்தால்தான், மண் எங்கே படிந்தது, கரை எங்கே அரித்தது என்று தெரியும்.

குறிக்கல் தொலைந்துவிட்டால், முதல்முறை அளந்ததை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. 1885இல் கேமரனின் அறிக்கைக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.