தாராசுரம் எடுப்பித்த மன்னன்

காவிரியின் கிளையாறுகள் பாய, பச்சைப் பட்டு விரித்தாற்போல் வயல்கள் விளங்கும் சோழவளநாட்டில், கும்பகோணத்தை அடுத்து அமைந்துள்ளது தாராசுரம். சகோதரிகளுடன் கல்விச் சுற்றுலா சென்ற நாம், அங்குள்ள கோயிலைக் கண்டு வியந்ததோடு நில்லாமல், அதனை எடுப்பித்த இரண்டாம் இராசராசனின் வரலாற்றையும் அறிந்து திரும்பினோம். அதனைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இராசராசன் என்றதும் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனே நம் நினைவுக்கு வருவான். இவனோ அவனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிற்பட்டவன். விக்கிரம சோழனின் பேரன். இரண்டாம் குலோத்துங்கனின் மகன். 1146ஆம் ஆண்டில் ஆட்சிப் பொறுப்பேற்றான். பாட்டன், தந்தை, மகன் ஆகிய மூவர்மீதும் உலாப் பாடிய ஒட்டக்கூத்தர் இவனது அவையை அணிசெய்தார். எனினும், சிற்றரசர்கள் மெல்ல மெல்ல வலிமை பெற்றுவந்த காலம் அது.

அக்காலத்தில் இவன் எழுப்பிய கோயிலுக்கு இராசராசேச்சரம் என்று பெயர். மக்கள் நாவில் அது திரிந்து தாராசுரம் ஆயிற்று. முன்மண்டபம் சக்கரங்களும் குதிரைகளும் பூண்ட தேராகவே அமைந்துள்ளது. கோனார்க்கின் புகழ்பெற்ற கல்தேர் எழுந்தது இதற்கு அடுத்த நூற்றாண்டில்தான்!

ஆனால் நம் உள்ளத்தைக் கவர்ந்தவை கருவறையின் வெளிச்சுவர் அடியில் வரிசையாக உள்ள சிறு சிற்பங்களே. சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய அடியார்களின் வாழ்க்கை அங்கே கல்லில் விரிகிறது. குயவர், வண்ணார், மீனவர், வேடர், காரைக்காலம்மையார் என எளியோரும் பெண்டிரும் அங்கு இடம் பெற்றுள்ளனர். முதலை விழுங்கிய சிறுவன் உயிருடன் மீளும் காட்சியின் முன் நாம் நெடுநேரம் நின்றோம். இத்தாலி நாட்டின் பைசா நகரப் பேராலயத்தில், வெண்கலக் கதவொன்றில் இயேசுபிரானின் வாழ்க்கையைச் சிறு சிறு காட்சிகளாக வார்த்ததும் இதே 12ஆம் நூற்றாண்டில்தான் என்று சகோதரி ஒருவர் எடுத்துரைத்தார். எழுத்தறியாதவரும் கண்டு உணரலாம் அல்லவா?

அடுத்து, தஞ்சை அரண்மனையில் 1951இல் தொடங்கப்பெற்ற கலைக்கூடத்துக்குச் சென்றோம். தாராசுரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சிற்பங்கள் சில அங்கே உள்ளன. அவற்றுள் ஒன்று சாளுக்கியர் செய்த வாயிற்காவலர் சிலை. முதலாம் இராசாதிராசன் கலியாணபுரத்தை வென்று, வெற்றிச் சின்னமாக எடுத்துவந்தது அது. முன்னோன் போரில் வென்ற கல்லைக் கொணர்ந்தான். பின்வந்தவனோ எளிய அடியாரின் வாழ்வைக் கல்லில் பொறித்தான். இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்டது நம்மைச் சிந்திக்க வைத்தது.

இம்மன்னனின் இறுதிக்காலம் துயரமானது. அவன் மறைந்தபோது அவனுடைய மக்கள் ஒன்றும் இரண்டும் வயதுடைய குழந்தைகள். அவர்களுக்கு நேரவிருந்த ஆபத்தை உணர்ந்த பல்லவராயர் என்னும் அதிகாரி, அவர்களை வேறிடம் கொண்டுசென்று காத்தார். விக்கிரம சோழனின் மகள்வழிப் பேரனான இரண்டாம் இராசாதிராசன் அரியணை ஏறினான். மயிலாடுதுறையை அடுத்த பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இச்செய்தியைத் தெரிவிக்கிறது. இதனை அறிந்தபின், மீண்டுவந்த சிறுவனின் சிற்பம் நம் கண்முன் மறுபடியும் தோன்றியது.

நூறாண்டு கழிந்து சோழப் பேரரசே மறைந்தது. கோயில் மட்டும் நிலைத்தது. 2004இல் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பெற்றது. அங்குச் செல்லும் தோழியரே, சிற்பங்களைக் கையால் தொட்டுத் தேய்க்காதீர்! சுவரில் பெயர் கீறாதீர்! தன் பெயரால் கோயில் எடுத்த மன்னனின் பெயரே மக்கள் நாவில் திரிந்துபோயிற்று. எளியோருக்கு அவன் தந்த இடமோ இன்றும் நிலைத்து நிற்கிறது. நாமும் நம் வாழ்வில் எளியோருக்கு இடம் தருவோமாக!