லைப்னிற்ஸ் என்னும் மேதையும் மொனாட் என்னும் சொல்லும்

ஜேர்மனி தேசத்து லைப்சிக் நகரிலே 1646 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி கொட்பிறீட் வில்ஹெல்ம் லைப்னிற்ஸ் பிறந்தார். முப்பதாண்டுப் போர் ஓயாத காலம் அது. சர்வகலாசாலைப் பேராசிரியராயிருந்த தந்தையார், மகனுக்கு ஆறு வயதாயிருக்கும்போதே காலமானார். அவர் விட்டுச்சென்ற நூல்களே சிறுவனுக்கு ஆசானாயின. இருபதாம் வயதிற் சட்டக் கலாநிதிப் பட்டத்தை லைப்சிக் மறுத்தது, அல்ட்டோர்ப் வழங்கிற்று. அங்கு கிடைக்கவிருந்த பேராசிரியர் பதவியை அவர் ஏற்கவில்லை.

1672 முதல் நான்காண்டுகள் பாரிசில் தங்கி, ஒல்லாந்தரான ஹைகன்சின் வழிகாட்டலிற் கணிதம் பயின்றார். 1675 இல் நுண்கணிதத்தைக் கண்டு 1684 இல் வெளியிட்டார். நியூற்றன் முன்னரே கண்டும் வெளியிடாதிருந்தமையால் எழுந்த வழக்கு இருவர் முதுமையையும் கசப்பாக்கியது. ஆயினும் நம் மாணவர் இன்றும் எழுதும் தொகையீட்டுக் குறியீடு லைப்னிற்சுடையதே. பூச்சியமும் ஒன்றும் கொண்டே எவ்வெண்ணையும் எழுதலாம் என்று 1703 இல் விளக்கியவரும் அவரே.

1676 முதல் ஹனோவர் அரச குடும்பத்தின் சேவகம். இத்தகைய மூளையைக் கொண்டு வமிச வரலாறு எழுதுவித்தார்கள்! அதற்கிடையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

1714 இல், வியன்னாவில் இருந்தபோது, தொண்ணூறு சிறு பந்திகளிலே தம் தத்துவத்தைச் சுருக்கி எழுதினார். உலகப் பொருள்கள் யாவும் பகுக்கவியலாத தனிப்பொருள்களால் ஆனவை என்பது அவர் முடிபு. ஒருமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவற்றுக்கு மொனாட் என்று பெயர் வைத்தார். இதனை அணு என்று மொழிபெயர்த்தால் தவறு. மொனாட் இடத்தை அடைத்து நிற்பதன்று. ஆன்மா என்றாலும் முழுதும் பொருந்தாது. கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் மங்கிய உணர்வுடைய மொனாட்டுகளே உள என்றார். மொனாட்டுக்குச் சாளரம் இல்லை. வெளியிலிருந்து எதுவும் உட்புகாது. எனினும் ஒவ்வொன்றும் தன் நிலையில் நின்று பிரபஞ்சம் முழுவதையும் பிரதிபலிக்கின்றது. ஒன்றையொன்று தீண்டாத கடிகாரங்கள் ஒரே நேரங் காட்டுவதுபோல, இறைவன் ஆதியில் அமைத்த இசைவினால் அவை ஒத்து நடக்கின்றன.

அவ்வாண்டே ஹனோவர் அரசர் இங்கிலாந்தின் முடி சூடினார். வரலாற்றை முடிக்காமல் இலண்டன் வரலாகாதென்று லைப்னிற்சுக்குக் கட்டளை. கிறிஸ்துவுக்குப் பின் 1005 ஆம் ஆண்டுவரையே எழுதியிருந்தார். 1716 நவம்பர் 14 இல் ஹனோவரிற் காலமானார். இறுதிச் சடங்குக்கு அரசவையார் வரவில்லை. அவர் தோற்றுவித்த பேர்லின் கழகமும் அஞ்சலி செலுத்தவில்லை; பாரிசுக் கழகம் செலுத்திற்று.

சொல்லோ கைமாறிக்கொண்டே போயிற்று. ஓர் எண்ணுக்கு அளவிறந்து அண்மித்து நிற்கும் எண்களின் கூட்டத்தை 1960 களில் ஏபிரகாம் றொபின்சன் மொனாட் என்றார். பலர் எள்ளிய லைப்னிற்சின் நுண்ணளவுகளுக்குத் திடமான ஆதாரம் அவராற் கிடைத்தது. கணித அமைப்புகளின் தொடர்புகளை ஆராயும் வேறொரு துறையிலும் அப்பெயர் வேறுபொருளில் வழங்கலாயிற்று. அங்கிருந்து அதனை 1989 இல் இத்தாலியரான யூஜெனியோ மொஜ்ஜி கணினியியலுக்குக் கொணர்ந்தார். ஒரு கணிப்பின் விளைவை, அது பிழைத்திருப்பினும் ஒழுங்கு குலையாது, அடுத்ததற்குக் கையளிக்கும் முறையே அங்கு மொனாட். சாளரமற்றதன் பெயர் தொடுப்பதற்கு வந்துசேர்ந்தது விந்தையே.

அவர் எழுதிய தாள்கள் ஹனோவர் நூலகத்தில் உள்ளன. முதற்றொகுதி 1923 இல் வெளிவந்த முழுப் பதிப்பு இன்னும் முற்றுப்பெறவில்லை.